ஏழாம் வகுப்பின் வெயில் பெட்டி

வலியசாலை,
12-1-1983

என் ராஜமணிக்கு ஆச்சி எழுதுவது,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கடையில் தினமும் நானூறு இட்லி போகிறது. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. இனி கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

பொன்முடி பஸ் கண்டக்டர் மைதீன் நேற்று நம் கடையில் சாப்பிட்டுக்கொண்டே, "ஆச்சி, உங்க பேத்தி டீச்சர் பள்ளிக்கூட முற்றத்துல பிள்ளையள வச்சுச் சோறு பொங்கப் போறாங்களாமே, அப்படியா?" என்று சத்தமாகக் கேட்டான். கடையில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஏஜீஸ் ஆபீஸ் சேஷன் சாரும் இருந்தார். எனக்குக் கரண்டி கையிலிருந்து நழுவிவிட்டது.

ராஜமணி, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய ஜூன் மாதத்தில் என் கையில் ஊதுகுழலைக் கொடுத்தார்கள். ஐம்பது வருஷமாக ஊதிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா போன பிறகு உன்னை வளர்த்த என் வீட்டில், அடுப்புப் பக்கமே உன்னை வரவிட்டதில்லை. டீச்சர் டிரெயினிங் வரைக்கும் படிக்க வைத்தேன். இப்போது நீ மலையேறிப் போய்ச் சோறு பொங்குகிறாய் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அப்ரூவல் என்ன ஆயிற்று? ஜூனில் வேலைக்குச் சேர்ந்தாய். கல்வி ஆபீசர் ஏ.ஈ.ஓ. வந்து பார்த்து அப்ரூவல் தந்தால்தான் வேலை நிலைக்கும், இல்லையென்றால் மார்ச்சோடு வீட்டுக்கு வரவேண்டியதுதான் என்று நீதானே எழுதினாய்? இந்தச் சமயத்தில் சோறு எந்தப் பாடத்தில் வருகிறது?

நீ கேட்ட கண்ணாடிச் சட்டத்தையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் மைதீனிடம் கொடுத்திருக்கிறேன். எதற்கென்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதிவிட்டேனே தவிர, கேட்கிறேன்.

ஆச்சி
கோமதியம்மாள்

*

மேல் டிவிஷன், பொன்முடி ரோடு,
16-1-1983

அன்புள்ள ஆச்சிக்கு,

கண்ணாடி இரண்டும் உடையாமல் வந்தன. மைதீன் அண்ணன் இருபத்திரண்டு வளைவுகளுக்கும் மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். டிக்கெட் கிழித்தது யாரென்று தெரியவில்லை.

நான் அடுப்பு ஊதவில்லை, ஆச்சி. விறகே இல்லாமல், எண்ணெயே இல்லாமல், வெயிலை மட்டும் வைத்து ஒரு பெட்டிக்குள் சோறு வேகவைக்கப் போகிறோம்! ஏழாம் வகுப்புப் பாடம் இது. தீர்ந்துபோகும் எரிபொருள் எது, எடுக்க எடுக்கத் திரும்பி வரும் சக்தி எது என்பதுதான் பாடம். புத்தகத்தில் அரைப்பக்கம். அந்த அரைப்பக்கத்தைப் படித்துக் காட்டிவிட்டு, கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் தீருவது, மற்றதில் தீராதது. முப்பத்தொரு பிள்ளைகளும் வந்து எழுதினார்கள். என்ன எழுதினார்கள் தெரியுமா?

தீராதது: மண்ணெண்ணெய். தீருவது: வெயில், விறகு.

எனக்குத் தலை சுற்றியது. பூமாரி என்று ஒருத்தி, முதல் பெஞ்சு, வாய் மூடாதவள். "மண்ணெண்ணெய் எப்படி தீரும் டீச்சர்? மாசா மாசம் ரேசன் கடையில வந்துருதே. வெயில்தான் ஜூன்ல போச்சுன்னா ஓணம் வரைக்கும் காணாது. விறகு எடுக்கப் போனா பாரஸ்ட் கார்டு வெட்டுக்கத்தியப் புடுங்கிருதான். அப்ப அதுதான தீர்ந்து போச்சு?" என்றாள்.

இந்த மலையில் வாழ்கிறவர்களுக்கு அது சரிதானே, ஆச்சி! புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிப் போனேன். ஒரு பக்கம் தேயிலைச் செடி. இன்னொரு பக்கம் ரோட்டுக்குக் கல் உடைக்கிற குவாரி. "கொழுந்து கிள்ளினா என்னாகும்?" என்றேன். "பத்து நாள்ல திரும்ப வரும்" என்றார்கள். "கல்லு உடைச்சா?" "குழிதான் இருக்கும்." அவ்வளவுதான். அன்றிலிருந்து என் வகுப்பில் எல்லாமே ஒன்று கொழுந்து, அல்லது கல். வெயில் கொழுந்து, காற்று கொழுந்து, ஓடைத் தண்ணீர் கொழுந்து. நிலக்கரி கல், பெட்ரோல் கல், மண்ணெண்ணெய் கல். மழைக்காலத்தில் வெயில் மறைந்துதான் இருக்கிறது, தீரவில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். விறகுக்கு மட்டும் இரண்டு நாள் சண்டை நடந்தது. கடைசியில், மரம் நட்டுவிட்டு எடுத்தால் கொழுந்து, நடாமல் எடுத்தால் கல் என்று தீர்ப்பானது. நான் வாயே திறக்கவில்லை.

வெயிலில் சக்தி இருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் பெட்டி. தேயிலை அனுப்புகிற பலகைப் பெட்டி ஒன்றை ஃபாக்டரியில் வாங்கினோம். உள்ளே ஈயத்தாள் ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. அதற்குள் ஒரு சின்னப் பெட்டி, இடையில் காய்ந்த புல், மேலே உன் கண்ணாடி. முகம் பார்க்கும் கண்ணாடி வெயிலை உள்ளே திருப்பிவிடும்.

அப்ரூவலுக்காக ஏ.ஈ.ஓ. பிப்ரவரியில் வருகிறார். அதையே நினைத்துக்கொண்டிருந்தால் எனக்குப் பாடம் ஓடாது. நீ கேட்காதே.

ராஜமணி

*

வலியசாலை,
22-1-1983

ராஜமணிக்கு,

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்கிறவளா நான்? சரி, இந்த முறை கேட்கவில்லை.

கொழுந்து, கல் எனக்கு நன்றாகப் புரிந்தது. கடையில் எல்லாருக்கும் சொன்னேன். இங்கே சாயங்காலம் கரண்டை நிறுத்துகிறார்கள். மழை பொய்த்து அணையில் தண்ணீர் இல்லையாம். சேஷன் சாரிடம், "சார், தண்ணி கொழுந்துதான், ஆனா செடி வாடிக் கெடக்கு" என்றேன். "மாமி, யார் சொல்லித் தந்தா இதெல்லாம்?" என்றார். "என் பேத்தி. பொன்முடியில டீச்சர்" என்றேன். ஏற்கெனவே பத்துத் தரம் சொன்னதுதான். பதினோராவது தரம் சொன்னால் குறைந்தா போவேன்?

ஆனாலும் வெயிலில் சோறு வேகும் என்பதை நான் நம்பவில்லை. வேகுமென்றால் நான் ஐம்பது வருஷம் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது எதற்கு? வெந்தால் எழுது. வேகாவிட்டால் எழுதாதே. ஏ.ஈ.ஓ. வருகிற அன்று மட்டும் ஒழுங்காகப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நில்லு, கேட்டியா.

ஆச்சி

*

மேல் டிவிஷன்,
29-1-1983

ஆச்சி! ஆச்சி! வெந்துவிட்டது!

திங்கட்கிழமை பத்து மணிக்கு வைத்தோம். நீ தந்த அலுமினியப் போணியில் ஒரு உழக்குப் பச்சரிசி, மூன்று உழக்குத் தண்ணீர். கால் மணிக்கு ஒருமுறை பெட்டியை வெயில் பக்கம் திருப்ப ஆள் போட்டேன். கணக்கு வகுப்பு யார் காதிலும் ஏறவில்லை. பன்னிரண்டே காலுக்குக் கண்ணாடி முழுக்க வியர்த்தது. ஒன்றே காலுக்குத் திறந்தால் ஆவி! முப்பத்தொரு பேருக்கும் ஆளுக்கொரு கவளம். சிலருக்கு அரைக் கவளம்தான். ஒரு பையன் வாயில் போட்டுக்கொண்டு, "டீச்சர், புகை வாசமே இல்ல. இது சோறுதானா?" என்று கேட்டான்.

இனி கெட்ட செய்தி. பூமாரியின் அம்மா உலகம்மாள் மறுநாளே வந்து ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்று, "சோறு பொங்க எம்மவளுக்கு நானே படிச்சுக் குடுப்பேன். அதுக்கா பள்ளிக்கூடம் அனுப்புதேன்?" என்று சத்தம் போட்டாள். அப்படியே உன் குரல். ஹெட்மாஸ்டர் பகவதிப்பெருமாள் சார் பயந்தவர். "டீச்சரே, சிலபஸ்ல அடுப்பு உண்டா? ஸ்கூல் மானேஜர் காதுக்குப் போனா நான் என்ன பதில் பறயும்?" என்கிறார். இந்தப் பேச்சு ஏ.ஈ.ஓ. வரைக்கும் போய்விட்டதாம். பத்தாம் தேதி வருகிறார். "பொங்கிக் காட்டட்டும், பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆகவே ஆச்சி, அன்றைக்குச் சோறு வெந்தால் எனக்கு வேலை உண்டு. வேகாவிட்டால் இல்லை.

போணியின் மூடி நசுங்கி ஆவி வெளியே போகிறது. மைதீன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். சாலைக் கடைத்தெருவில் பாத்திரம் தட்டுகிறவரிடம் கொடுத்து மூடியைச் சரிசெய்து, பத்தாம் தேதிக்குள் அனுப்பிவிடு. அவசரம்.

ராஜமணி

*

வலியசாலை,
9-2-1983

ராஜமணிக்கு,

இந்தக் கடிதத்தோடு உன் போணி வருகிறது. மூடி இப்போது உள்ளங்கையை வைத்து அடைத்த மாதிரி உட்காரும்.

ஆனால் இதைக் கேள். மைதீன் பையைத் திறந்து போணியை வெளியே எடுத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கையால் தந்த பாத்திரம், அடியிலிருந்து கழுத்து வரைக்கும் தார் பூசின மாதிரி கறுத்துக் கிடந்தது. உனக்கு அடுப்பு வேலை தெரியாது, பாத்திரம் தேய்க்கவும் தெரியாது, அதற்கு நான்தான் காரணம். ஏ.ஈ.ஓ. முன்னால் இதையா வைப்பாய்? கோமதியம்மாள் வளர்த்த பெண்ணுக்குப் பாத்திரம் விளக்கத் தெரியாது என்று எழுதிவிட்டுப் போகமாட்டாரா?

இரண்டு நாள் உட்கார்ந்தேன். ரேஷனில் வாங்கின மண்ணெண்ணெயில் அரைக்குப்பி போயிற்று. தேங்காய் நாரும் செங்கல் பொடியும் கடைசியில் புளியும் போட்டுத் தேய்த்தேன். நகம் இரண்டு போயிற்று. போகட்டும். இப்போது அதில் உன் முகத்தைப் பார்த்துக்கொள். மேலே பிடித்தால் உத்தரத்தில் வெளிச்சம் ஓடுகிறது!

தைரியமாக இரு. பாத்திரத்தைப் பார்த்ததுமே பாதி அப்ரூவல்.

ஆச்சி

*

மேல் டிவிஷன்,
11-2-1983

ஆச்சி,

நேற்று நடந்ததை ஒரு வரிகூட விடாமல் எழுதுகிறேன். நடுவில் நிறுத்திவிட்டுக் கவலைப்படாதே.

போணி நேற்றுக் காலை ஒன்பதரை வண்டியில்தான் வந்தது. பேப்பரைப் பிரித்தேன். கண் கூசியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அது அழுக்கு இல்லை, ஆச்சி. கரும்பலகைக்கு அடிக்கிற சாயம். நான்தான் இரண்டு பூச்சுப் பூசினேன். கறுப்பு வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். பளபளப்பு வந்த வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வகுப்பில் முப்பத்தொரு பேருக்குச் சொன்ன நான் உனக்கு அதைச் சொல்லவில்லை. மூடியைச் சரிசெய் என்று மட்டும் எழுதினேன். தப்பு என்னுடையது.

சாயம் ஒரு சொட்டு மீதி இல்லை. பத்தரைக்கு ஜீப் வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் உன் போணியையே வைத்தேன். ஏ.ஈ.ஓ. மலையாளி, ஐம்பது வயதிருக்கும், சிரிக்காத முகம். பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நடுவில் பிள்ளைகளிடம், "மண்ணெண்ணெய் தீருமா?" என்று கேட்டார். முப்பத்தொரு பேரும் சேர்ந்து, "கல்லு சார்!" என்று கத்தினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பன்னிரண்டே காலுக்குப் பெட்டியைத் திறந்து விரலை விட்டார். "டீச்சரே, இதில் குளிக்கான் பற்றும்" என்றார், குளிக்கத்தான் லாயக்கு என்று. பகவதிப்பெருமாள் சார் சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது பூமாரி எழுந்தாள். "சார், பெட்டி மேல குத்தம் இல்ல. பாத்திரம் வெளுத்துப் போச்சு. வெயிலு அதுல நிக்காது. கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டமாக ஓடினாள். கீழே அவர்களுடைய லயத்து வீட்டிலிருந்து திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு கஞ்சிப் பானை. பின்னாலேயே உலகம்மாள். "ஏட்டி, அத வையிட்டி! எட்டு வருசக் கரி! ஆபீசரு முன்னால என் மானத்த வாங்காதட்டி!" அலுமினியம்தான், ஆனால் விறகுப் புகையில் அட்டைக் கறுப்பு. உன் கையில் கிடைத்திருந்தால் ஒரு வாரம் தூங்கியிருக்கமாட்டாய்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போனோம். பூமாரி மறித்துவிட்டாள். "ஆச்சி போணிக்கு முன்னமே சூடு ஏறிருக்கு. அது கள்ள ஆட்டம். ரெண்டுலயும் புதுசாத் தண்ணி ஊத்தணும். அரிசியும் ஒரே அளவு." ஏ.ஈ.ஓ. முதல் தடவையாக முன்னால் குனிந்தார். "இது டீச்சர் பறஞ்சு தந்ததோ?" என்றார். "இல்ல சார். டீச்சர் அழுதுக்கிட்டுல்லா நிக்காங்க" என்றாள்.

ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டியவர் கிளம்பவில்லை. டிரைவர் இரண்டு தரம் ஹார்ன் அடித்தான். மேகம் ஒன்று வந்தது. முப்பத்தொரு பேரும் கழுத்தைத் தூக்கி அதை விரட்டினார்கள். காற்று விரட்டியது. இரண்டே முக்காலுக்குத் திறந்தோம். உன் போணியில் அரிசி மல்லாந்து கிடந்து எங்களைப் பார்த்தது. கரிப் பானையில் சோறு! விரலில் நசுக்கினால் மாவு!

உலகம்மாள்தான் இலையில் எடுத்து வைத்தாள். ஏ.ஈ.ஓ. உப்புக்கூட இல்லாமல் சாப்பிட்டார். "எங்க வீட்டுப் பானை சார்" என்று மட்டும் மூன்று தரம் சொன்னாள்.

பிறகு அவர் விசிட் புத்தகத்தில் இரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதினார். ஹெட்மாஸ்டர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நல்லதா கெட்டதா, தெரியாது. ஆர்டர் நம் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும்.

ராஜமணி

*

வலியசாலை,
15-2-1983

ராஜமணிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மறுநாள் மொட்டை மாடியில் இரண்டு தம்ளர் தண்ணீர் வைத்தேன். ஒன்று விளக்கினது, இன்னொன்று விளக்குப் புகையில் பிடித்துக் கறுப்பாக்கினது. மேலே கண்ணாடித் துண்டு. பன்னிரண்டு மணிக்குக் கறுப்புத் தம்ளரைத் தொட்டுப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன், அப்படிச் சூடு! பக்கத்து வீட்டு லலிதாம்பாளைக் கூப்பிட்டு அவள் விரலையும் விடச் சொன்னேன். அவள் தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். நான் மட்டும் தேய்க்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சோறு வெந்திருக்கும், அவர் சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார். கறுப்பு எதற்கு என்று யாருக்குத் தெரிந்திருக்கும்? இரண்டு நகம் கொடுத்துப் பாடம் நடத்தினது நான். இதைக் கடையில் சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அப்ரூவல் வந்த மாதிரிதான் என்றும் சொல்லிவிட்டேன்.

ஆச்சி

*

மேல் டிவிஷன்,
20-2-1983

ஆச்சி,

நீ எழுதினதைப் படித்துக் காட்டினேன், வகுப்பே கைதட்டியது. பூமாரி உன்னை ஒரு நாள் வரச் சொல்கிறாள்.

ஆனால் கடைசி வரி எனக்கு வலித்தது. அப்ரூவல் வந்த மாதிரி என்றால் என்ன, ஆச்சி? போன வருஷம் இங்கே இருந்த டீச்சருக்கும் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஏப்ரலில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். எனக்கும் இல்லை என்று வந்தால், நீ சொல்லிவைத்த தெரு வழியாகத்தான் நான் நடந்து வரவேண்டும். ஒவ்வொரு வாசலிலும், "என்னாச்சு டீச்சர்?" என்பார்கள். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் பெருமை எனக்குப் பாரமாக இருக்கிறது. ஆர்டர் வரும் வரைக்கும் என்னைப் பற்றி யாரிடமும் பேசாதே. ஒருவரிடமும்.

ராஜமணி

*

வலியசாலை,
19-3-1983

என் ராஜமணிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, போய்விட்டது. பேசாதே என்றாய், பேசவில்லை. சேஷன் சார்கூட, "மாமி, உடம்புக்கு முடியலையா? பேத்தி பேச்சையே காணோமே" என்று கேட்டார். "சட்னி போதுமா சார்" என்றேன்.

நேற்று மத்தியானம் தபால்காரர் ஒரு பழுப்பு உறை கொண்டுவந்தார். அரசாங்க முத்திரை. மேலே உன் பெயர். உன் பெயரை இங்கிலீஷில் அடையாளம் தெரியும், அவ்வளவுதான். உறையைப் பிரித்தேன். உள்ளே ஒரே தாள், முழுக்க இங்கிலீஷ். என்னைப் போல ஐந்தாம் வகுப்புக்காரிக்கு அது எறும்பு வரிசை.

தெருவில் நாலில் ஒரு வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் உண்டு. சேஷன் சார் அந்நேரம் எதிரே இட்லிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாளை நீட்டினால் அரை நிமிஷம். ஆனால் இல்லை என்று இருந்தால்? நீ எழுதினது ஞாபகம் வந்தது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கடையைப் பூட்டினேன். பட்டப்பகலில் நான் கடை பூட்டி யாரும் பார்த்ததில்லை. "எங்க போறீங்க மாமி?" என்றார்கள். பல் வலி என்றேன்.

கிழக்கேகோட்டை வரைக்கும் வெயிலில் நடந்தேன். அங்கே மரத்தடியில் மனு எழுதுகிற ஒருவர், முன்பின் தெரியாதவர். தாளை அவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரைக்கும் மனதுக்குள்ளேயே படித்தார். அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

"அப்ரூவ் செய்திட்டுண்டு" என்றார். "சேர்ந்த நாள் முதல் அப்ரூவ்டு. பின்னே, ஏப்ரலில் விதுரையில் வச்சு எல்லா சயன்ஸ் டீச்சர்மாருக்கும் இவர் ஒரு கிளாஸ் எடுக்கணும். சோலார் குக்கர், ஸ்டூடண்ட்ஸ் ஆக்டிவிட்டி என்றெல்லாம் எழுதியிருக்கு."

"இன்னொரு தரம் படிங்க" என்றேன். படித்தார். "இன்னொரு தரம்" என்றேன். சிரித்துக்கொண்டே படித்தார். மூன்று தரமும் அதேதான் எழுதியிருந்தது.

"மோளாணோ அம்மா?" என்று கேட்டார். மகளா என்கிறார்.

என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, ராஜமணி. என் பேத்தி, நான் வளர்த்தவள், பொன்முடியில் டீச்சர், வெயிலில் சோறு வேகவைத்தவள், எல்லாம் வந்தது. "ஒரு டீச்சர்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ராத்திரி இரண்டு தரம் விளக்கேற்றித் தாளை எடுத்துப் பார்த்தேன். காலையில் லலிதாம்பாள், "பல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. உன் வேலை, உன் காதில் முதலில் விழவேண்டும்.

மனு எழுதுகிறவரே ஆர்டருக்கு ஒரு நகல் எழுதித் தந்தார், அதை இதனுடன் வைத்திருக்கிறேன். அசல் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நீ இதைப் படிக்கும்போது நாலு நாள் ஆகியிருக்கும். அத்தனை நாள் என்னால் தாங்க முடியாது, அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தபால் பெட்டி தெரு முனையில் இருக்கிறது. அதற்குள் இந்தக் கடிதம் விழுகிற சத்தம் கேட்டதும், நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினதாகக் கணக்கு. அங்கிருந்து நம் வீடு வரைக்கும் பதினேழு வீடும் நாலு கடையும் ஒரு கோயிலும் இருக்கின்றன. திரும்பி நடக்கும்போது ஒவ்வொரு வாசலிலும் நிற்கப் போகிறேன்.

உன்
ஆச்சி